சின்ன வால்வு அம்ப்பை பாண்டோடு வாசிக்க ஏற்றபடி செட் பண்ணுவது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. கனடாவில் உள்ள மாமா அவருக்கு ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் என்ற வால்வு அம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) ஒன்றைக் கொடுத்துவிட்டிருக்கிறார். இரவில் அறைக்குள் வைத்து வாசித்தால் நிறைவாக, இனிமையாகக் கேட்கிறதாம். அதையே கடற்கரை விடுதிக்குத் தூக்கிக்கொண்டுபோய் டிரம்ஸ், பேஸ் கிட்டாரோடு சேர்ந்து வாசித்தால் தன் கிட்டார் தனக்கே கேட்பதில்லை. வொலியூமைக் கூட்டினால் எல்லாம் கலங்கிப்போகிறது. இணையத்தில் யாரோ சொன்னபடி ட்ரெபிள் (உயர்ந்த சுரம்) 6, பேஸ் (தாழ்ந்த சுரம்) 6, மிடில் (நடுச் சுரம்) 4 என்று வைத்துப் பார்த்தும் பயனில்லை. "எந்த நொப்பை எந்த நம்பரில் வைக்க வேண்டும் அண்ணா? வால்வை மாற்றினால் சரிவருமா?" என்று கேட்கிறார்.

நம்பரைக் கேட்டால் நம்பர் சொல்ல முடியாது தம்பி. அந்த நம்பர் சொன்னவரின் கிட்டார் வேறு, அறை வேறு, அவர் வாசித்த சத்தத்தின் அளவும் வேறு. ஆனால் உங்கள் பிரச்சினைக்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அறைக்குள் மெதுவாக வைத்துச் செட் பண்ணியதை மேடைக்குக் கொண்டுபோகிறீர்கள். பாண்டோடு வாசிக்கும் அதே சத்தத்தில் வைத்துத்தான் செட் பண்ண வேண்டும். அப்படிச் செய்யும்போது பேஸ் நீங்கள் நினைத்ததைவிட மிகக் குறைவாகவும், மிடில் நினைத்ததைவிட மிகக் கூடவும் வந்து நிற்கும். மிச்சத்தைக் கிட்டாரில் இருக்கும் வொலியூம் நொப் பார்த்துக்கொள்ளும். இதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. அம்ப் கனடாவில் இருந்து வந்தது என்கிறீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அம்ப்பின் பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 120V என்று மட்டும் இருந்தால் நேரே இங்குள்ள பிளக்கில் கொடுக்கக் கூடாது. நீங்கள் ஏற்கெனவே வாசிக்கிறீர்கள் என்பதால் ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வைத்திருப்பீர்கள். அது தகட்டில் உள்ள வாட் அளவின் இரண்டு மடங்காவது தாங்கக்கூடியதா, அதில் எர்த் பின் அம்ப் வரைக்கும் போகிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பயணிகள் தலைமுடி உலர்த்தும் மெஷினுக்குப் பாவிக்கும் சின்ன கன்வேட்டர் இதற்கு உதவாது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த ட்ரான்ஸ்போமர் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடச் சூடாகும். ஆகவே அம்ப்பைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டமாக வையுங்கள்.

எர்த் விஷயத்தில் விளையாடவே வேண்டாம். பழைய வீடுகளில், கடற்கரையில் ஓலை போட்ட தற்காலிக மேடைகளில் எர்த் இல்லாத இரண்டு வயர் இழுவைதான் பல இடங்களில் இருக்கிறது. இரைச்சல் கேட்கிறது என்பதற்காக எர்த் பின்னை வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக், காலுக்குக் கீழே ஈர மணல். அந்த நிலையில் எர்த்தும் ட்ரிப் சுவிட்சும்தான் உங்கள் உயிரைக் காக்கும். அம்ப்பைத் திறந்து உள்ளே கை வைக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள கபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். இன்னொன்று, ஸ்பீக்கர் வயர் கழன்ற நிலையில் வால்வு அம்ப்பை ஒருபோதும் வாசிக்கக் கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரிந்துவிடும், அதுதான் அம்ப்பிலேயே விலை கூடிய சாமான்களில் ஒன்று.

சரி, இனிச் சத்தத்துக்கு வருவோம்.

மனிதக் காது எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் இதை அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தளச் சத்தம் காதுக்கு மிகவும் மங்கலாகத்தான் விழும், மிக உயர்ந்த சுருதிச் சத்தமும் குறைந்து கேட்கும். நடுப்பகுதி மட்டும் தெளிவாக நிற்கும். சத்தத்தைக் கூட்டக் கூட அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வரும்.

இப்போது உங்கள் அறையை நினைத்துப் பாருங்கள். இரவு பத்து மணி, அம்மா படுத்துவிட்டார், நீங்கள் மெதுவாக வைத்து வாசிக்கிறீர்கள். கிட்டார் மெலிந்து கேட்கிறது என்று பேஸைக் கூட்டுகிறீர்கள். கொஞ்சம் மினுமினுப்பு வேண்டும் என்று ட்ரெபிளையும் கூட்டுகிறீர்கள். மிடில் மூக்கால் பாடுகிற மாதிரி இருப்பதால் அதைக் குறைக்கிறீர்கள். அந்தச் சத்த அளவுக்கு அது சரியான செட்டிங்தான், அதனால்தான் இனிமையாக இருக்கிறது. ஆனால் விடுதியில் போய் மாஸ்டரை (அம்ப்பின் மொத்தச் சத்த நொப்பை) திருப்பியதும், காது அதுவரை கேட்காமல் விட்ட பேஸ் எல்லாம் முழுதாக எழும்பி வருகிறது. ட்ரெபிள் காதைக் குத்துகிறது. கிட்டார் உண்மையில் குடியிருக்கும் நடுப்பகுதியை மட்டும் நீங்களே வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

பாண்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். கிட்டாரின் ஆறாம் கம்பியைத் திறந்து அடித்தால் 82 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 82 அதிர்வு), முதலாம் கம்பி 330 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதன் கிளைச்சுரங்களும் கிக் டிரம்மும் சேர்ந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே சிம்பலும் ஹைஹாட்டும் எப்போதும் சிதறிக்கொண்டிருக்கும். கிட்டார் ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சட்டென்று விழுந்துவிடும். ஆக உங்களுக்கென்று மிஞ்சுவது நடு இடம்தான், கிட்டத்தட்ட 300 ஹெர்ட்ஸில் இருந்து 3,000 வரை. அதை விட்டுவிட்டுக் கீழே போய் பேஸ்காரரோடும் மேலே போய் சிம்பலோடும் சண்டை பிடித்தால் வெல்லப்போவது அவர்கள்தான்.

அம்ப்பும் இதில் உங்களுக்கு உதவி செய்யாது. பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில், 12 மணி நிலையில் வைத்தால் சத்தம் சமமாக இருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஃபெண்டர் வகை அம்ப்களில் அப்படி இல்லை. அந்த மூன்று நொப்பும் எதையும் கூட்டுவதில்லை, வருகிற சத்தத்தில் இருந்து கழிக்கத்தான் அவற்றுக்குத் தெரியும். மூன்றையும் நடுவில் வைத்தாலே 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மிடிலை முழுதாகத் திறந்து, பேஸையும் ட்ரெபிளையும் நன்றாகக் குறைத்தால்தான் அந்தப் பள்ளம் நிரம்பிச் சமநிலைக்குக் கிட்ட வரும். ஒரு நொப்பைத் திருப்பினால் மற்ற இரண்டின் வேலையும் கொஞ்சம் மாறும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இன்னொருவரின் நம்பரை இரவல் வாங்க முடியாது என்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியது. அடுத்த ஒத்திகைக்கு மற்றவர்களை அரை மணித்தியாலம் முந்தி வரச் சொல்லுங்கள். டிரம்ஸும் பேஸும் இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

முதலில் அம்ப்பை நிலத்தில் இருந்து தூக்குங்கள். சீமெந்துத் தரையில் வைத்தால் பேஸ் ஊதிப்பெருக்கும், மூலையில் வைத்தால் இன்னும் மோசம். ஒரு கதிரையில் வைத்துக் கொஞ்சம் பின்னால் சாய்த்துவிடுங்கள், ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்க வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் நான் கேட்ட மோசமான கிட்டார் சத்தங்களில் பாதிக்கு இதுதான் காரணம். 12 அங்குல ஸ்பீக்கரில் இருந்து உயர்ந்த சத்தம் நேர்கோட்டில்தான் போகும். அம்ப் நிலத்தில் இருந்தால் அது உங்கள் முழங்காலுக்குக் கேட்கும், உங்கள் காதுக்குக் கேட்காது. நீங்கள் மங்கலாக இருக்கிறது என்று ட்ரெபிளைத் திருப்பிக்கொண்டே போவீர்கள், முன்வரிசையில் கதிரையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ரிவேர்ப்பை (எதிரொலி நொப்பை) முழுதாக மூடுங்கள். சத்தத்தைத் தடிப்பாக்கும் ஃபாட் சுவிட்சை அழுத்த வேண்டாம். மாஸ்டரை முக்கால்வாசிக்கு மேலே திறந்துவிடுங்கள். வொலியூமை 9 மணி நிலையில் மெதுவாக வையுங்கள். மிடிலை முழுதாகத் திறந்து, பேஸையும் ட்ரெபிளையும் கிட்டத்தட்ட மூடுங்கள். கிட்டாரில் எல்லா நொப்பும் முழுதாகத் திறந்திருக்கட்டும். இப்படித் தனியே வாசித்தால் பெட்டிக்குள் இருந்து வருகிற மாதிரி அசிங்கமாகத்தான் கேட்கும். பயப்பட வேண்டாம்.

டிரம்ஸ்காரரையும் பேஸ்காரரையும் நீங்கள் வழக்கமாக வாசிக்கும் ஒரு பாட்டின் தாளத்தை விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள், மேடையில் வாசிக்கும் அதே பலத்தோடு. நீங்கள் மூன்று நான்கு அடி முன்னால் தள்ளி நின்று கோர்ட் அடித்துக்கொண்டே ட்ரெபிளை மெல்லத் திருப்புங்கள். பிக் கம்பியில் படுகிற அந்த 'டிக்' ஹைஹாட்டைத் தாண்டித் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட வேண்டாம்.

அடுத்து பேஸ். இதில்தான் பொறுமை வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜில் அமத்தி வைத்து, ஆறாம் கம்பி மூன்றாம் கட்டையில் ஜி பவர் கோர்ட்டை எட்டெட்டாக அடியுங்கள். முதலில் பேஸை 12 மணிக்குத் திருப்பி வைத்துக் கவனித்துக் கேளுங்கள். பிக் பட்ட பிறகு கொஞ்சம் தாமதித்து ஒரு 'பும்' எழும்பும், அது அடங்குவதற்கு முன்னர் அடுத்த அடி வந்துவிடும். எட்டு அடியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே உறுமலாகும். இனி அடித்துக்கொண்டே பேஸை மெல்லக் குறையுங்கள். 10 மணி, 9 மணிப் பக்கம் வரும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகப் பிரியத் தொடங்கும். அடிக்கு அடி நடுவே ஒரு சின்ன அமைதி கேட்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். கிட்டார் மெலிந்துவிட்டதே என்று தோன்றும். பேஸ்காரர் வாசிக்கும்போது கேளுங்கள், அந்த இடத்தை அவர் நிரப்பியிருப்பார், இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய சத்தமாகக் கேட்கும்.

வொலியூமைக் கூட்டினால் கலங்குவதற்கும் இதே பேஸ்தான் காரணம். உங்கள் அம்ப்பில் கடைசிக் கட்டத்தில் இரண்டு இஎல்84 வால்வுகள் 15 வாட் கொடுக்கின்றன. தாழ்ந்த சுரத்துக்கு அலையும் பெரியது, சக்தியும் கூட வேண்டும். அதை ஊட்டிவிட்டால் அந்த 15 வாட்டும் அதிலேயே செலவாகி, வால்வுகள் எல்லையைத் தொட்டு அலையின் நுனியை வெட்டத் தொடங்கும். அந்தப் பெரிய அலையின் மேல் ஏறி வருகிற நடு, உயர் சுரங்களும் சேர்ந்து வெட்டுப்படும். அதுதான் நீங்கள் சொல்கிற கலங்கல். பெரிய 50 வாட் அம்ப்பில் பேஸை அள்ளிப் போட்டாலும் தாங்கும். சின்ன அம்ப்பில் வொலியூம் ஏற ஏற பேஸ் இறங்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பழகினாலே உங்கள் அம்ப் இன்னொரு அம்ப் மாதிரி மாறும்.

பிறகு மிடில். முழுதாகத் திறந்தது மூக்குச் சத்தமாக உறுத்தினால் கொஞ்சம் குறையுங்கள். ஆனால் பாண்ட் வாசிக்கும்போது கேட்டு முடிவெடுங்கள். தனியே வாசிக்கும்போது அழகாக இல்லாத மிடில்தான் பாண்டுக்குள் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக வொலியூம். மாஸ்டரும் வொலியூமும் ஒரே வேலை செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். வொலியூம் முன்கட்ட வால்வுகளுக்கு எவ்வளவு ஊட்டுவது என்பதைத் தீர்மானிக்கிறது. மாஸ்டர் அங்கிருந்து கடைசி வால்வுகளுக்கு எவ்வளவு போவது என்பதை. வீட்டில் நீங்கள் வொலியூமைக் கூட்டி மாஸ்டரைக் குறைத்து வாசித்திருப்பீர்கள். அது முன்கட்டத்தின் கரகரப்பு, கொஞ்சம் மெலிந்த ரீங்காரம் மாதிரி இருக்கும். மேடையில் அதைத் தலைகீழாக்குங்கள். மாஸ்டரைத் திறந்து, வொலியூமை மெல்ல ஏற்றுங்கள். மெதுவாகத் தட்டினால் துப்பரவாகவும், பலமாக அடித்தால் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தும் கேட்கும் இடம் ஒன்று வரும். வால்வு அம்ப் வாங்குவதே அந்த இடத்துக்காகத்தான். கையின் பலம் அப்படியே சத்தத்தில் தெரியும். அங்கே வைத்துவிட்டு, பேஸை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

இப்போது அம்ப்பை விட்டு கிட்டாருக்கு வாருங்கள். நம் பக்கத்துப் பாண்டுகள் ஒரே இரவில் எல்லாம் வாசிக்க வேண்டும். எண்பதுகளின் தமிழ்ப் படப்பாட்டு ஒன்று, அடுத்தது சிங்களப் பாட்டு, நடுவில் வெள்ளைக்காரர் கேட்கிற ஆங்கிலப் பாட்டு, கடைசியில் எல்லோரையும் எழுப்பிவிட பைலா. ஒவ்வொன்றுக்கும் அம்ப்பின் நொப்பைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. அம்ப்பை உங்களுக்கு வேண்டிய மிகக் கூடிய சத்தத்துக்குச் செட் பண்ணிவிட்டு, கிட்டாரின் வொலியூமை 6, 7க்குக் குறைத்து வாசிக்கப் பழகுங்கள். குறைத்தவுடன் அம்ப் துப்பரவாகிவிடும். லீட் (கிட்டார் தனியே முன்னுக்கு வந்து வாசிக்கும் பகுதி) வரும்போது சின்ன விரலால் 10க்குத் திருப்புங்கள், சத்தமும் கரகரப்பும் சேர்ந்து எழும்பும்.

பைலாவுக்கு இது அச்சொட்டாகப் பொருந்தும். பாலையூற்றுப் பக்கத்தில் பறங்கிச் சமூகத்தின் விருந்துகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஆறெட்டுத் தாளத்தில் கிட்டார் கோர்ட் மேல் மூன்று கம்பியில் சிறிதாக, வெட்டி வெட்டி விழ வேண்டும். ஒரு துளி ரிவேர்ப் இருந்தாலும், பேஸ் கூடினாலும் அந்த வெட்டு மழுங்கிவிடும், ஆட வந்தவர்களின் கால் தாளத்தில் நிற்காது. கிட்டார் வொலியூம் 6, பிக் பிரிட்ஜ் பக்கம், இடது கை கோர்ட்டை உடனே தளர்த்திவிட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எந்தப் பெடலும் (காலால் அழுத்திச் சத்தத்தை மாற்றும் பெட்டி) தேவையில்லை.

கிட்டார் வொலியூமைக் குறைத்தால் ட்ரெபிளும் சேர்ந்து செத்துப்போகிறது என்று முறையிடுபவர்கள் உண்டு. உண்மைதான். நொப்பும் கேபிளும் சேர்ந்து உயர்ந்த சத்தத்தைத் தின்றுவிடும். கேபிள் நீளமாக நீளமாக அது கூடும், ஒரு மீற்றர் கேபிளுக்கு 100 பிகோஃபராட் அளவில் கொள்ளளவு சேரும். 10 மீற்றர் கேபிளைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாசிப்பதை விட்டுவிட்டு 5 மீற்றர் நல்ல கேபிள் ஒன்று வாங்குங்கள். அதற்கும் போதாவிட்டால், வானொலி திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்து வொலியூம் நொப்பின் குறுக்கே 1 நானோஃபராட் கபாசிட்டர் ஒன்றைப் பற்றவைக்கச் சொல்லலாம். சொற்பக் காசில் முடிகிற வேலை.

கடற்கரை என்பது தனிக் கதை. உங்கள் அம்ப் பின்பக்கம் திறந்த பெட்டி, சத்தத்தில் ஒரு பகுதி பின்னாலேயும் போகிறது. அறையில் பின்சுவர் அதைத் திருப்பித் தரும், சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் எல்லாவற்றையும் பெருக்கிக் காட்டும். உப்புவெளி மணலில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. பின்னால் போனது போனதுதான், முதலில் காணாமல் போவது பேஸ். ஆகவே திறந்தவெளியில் மட்டும், ஒத்திகையில் வைத்த இடத்தைவிடக் கொஞ்சம் பேஸ் கூட்டலாம். அம்ப்புக்கு இரண்டு அடி பின்னால் ஒரு பலகையையோ மேசையைக் குப்புறச் சாய்த்தோ வைத்தாலும் நல்ல பலன் தெரியும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் இன்னொன்றும் நடக்கும். அது தரையில் இருந்து கடலுக்கு வீசும் காற்று. காற்று வருகிற பக்கத்தில் தூரமாக இருப்பவர்களுக்குச் சத்தம் மங்கிப் போகும், விட்டுவிட்டுக் கேட்கும். அது உங்கள் செட்டிங்கின் பிழை இல்லை, அதைக் கேட்டு நொப்பைத் திருப்பத் தொடங்காதீர்கள். மேடையை எந்தப் பக்கம் போடுவது என்று விடுதிக்காரரோடு முன்கூட்டியே கதைப்பதுதான் வழி.

15 வாட் போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 10 மடங்கு வாட் வேண்டும். 15 வாட்டை விற்று 30 வாட் வாங்கினால் வித்தியாசம் கொஞ்சம்தான். அதைவிட அம்ப்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்து மிக்ஸருக்குக் கொடுங்கள். ஷூர் எஸ்எம்57 அல்லது அந்த வகை மைக் எதுவானாலும் சரி. கோனின் நடுவில் நேரே வைத்தால் சத்தம் கூர்மையாக இருக்கும், ஓரத்தை நோக்கி இரண்டு மூன்று விரல் நகர்த்தினால் உருண்டு வரும். கூட்டத்துக்குத் தேவையான சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அம்ப் உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும்.

பெடல் வாங்குவதாக இருந்தால் ஒன்றே ஒன்று, ட்யூப் ஸ்க்ரீமர் வகை. அது பேஸைக் கொஞ்சம் வெட்டி 700 ஹெர்ட்ஸ் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும், சின்ன அம்ப்புக்குத் தேவையானதும் அதேதான். அதில் ட்ரைவைக் கிட்டத்தட்ட மூடி லெவலைக் கூட்டி வையுங்கள், கரகரப்பை அம்ப்பே செய்யட்டும்.

மின்சாரம் இறங்கினாலும் வால்வு அம்ப்பின் குணம் மாறும். இரவு ஏழு, எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் கரண்ட் இழுக்கும் நேரத்தில் வோல்ட் இறங்கினால் அம்ப் மென்மையாகி, சீக்கிரமே கிழியத் தொடங்கும். ஒரு நாள் நன்றாக இருந்தது அடுத்த நாள் ஏன் இப்படி என்று குழம்பாமல் மீற்றரை எடுத்துப் பாருங்கள்.

உப்புக் காற்றையும் சொல்ல வேண்டும். நமது ஊரில் எந்த அம்ப்பும் வால்வு பழுதாகி நிற்பதற்கு முன் ஜாக்கும் நொப்பும் வால்வுச் சொக்கெட்டும் துருப்பிடித்துத்தான் நிற்கும். நொப்பைத் திருப்பும்போது கரகரத்தால், வாசிக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால், முதலில் கொன்டாக்ட் கிளீனர். ஜாக்கில் கொஞ்சம் அடித்து, பிளக்கை இருபது தடவை போட்டு எடுங்கள். வாசித்து முடிந்து நன்றாக ஆறிய பிறகு துணியால் மூடி வையுங்கள், மாரி காலத்தில் யன்னல் பக்கம் வைக்காதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, வால்வு. இப்போதைய பிரச்சினை வால்வை மாற்றித் தீராது. மேலே சொன்னதை எல்லாம் செய்து பார்த்த பிறகும் சத்தம் முன்னைவிட இறங்கியிருந்தால், இரைச்சல் கூடியிருந்தால், இரண்டு இஎல்84ஐயும் மாற்றலாம். கடுமையாக வாசிப்பவர்களுக்கு அவை ஓரிரு வருடத்தில் தளர்ந்துவிடும். ஜோடி பொருத்தித் தருகிறவரிடம் வாங்குங்கள், ஏனென்றால் இந்த அம்ப்பில் பயஸை (வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை) திருகிச் சரிசெய்யும் வசதி இல்லை. அமெரிக்கக் கடைகளில் இதே வால்வை 6பிக்யூ5 என்றும் போட்டிருப்பார்கள். வாசிக்கும்போது எந்த வால்வின் உள்தகடாவது சிவந்து எரிந்தால் அந்த நிமிடமே அம்ப்பை நிறுத்துங்கள்.

முன்கட்டத்தில் மூன்று 12ஏஎக்ஸ்7 இருக்கின்றன. அவை பல வருடம் உழைக்கும். பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், மணி அடித்த மாதிரி ஸ்பீக்கரில் பலமாகக் கேட்டால் அந்த வால்வு போய்விட்டது. இன்புட் ஜாக் பக்கத்தில் இருக்கும் முதலாவதை மட்டும் வேறு வகைக்கு மாற்றுவதில் ஒரு பயன் உண்டு. 12ஏஎக்ஸ்7இன் பெருக்கம் 100. அந்த இடத்தில் 5751 போட்டால் 70, 12ஏடி7 போட்டால் 60, 12ஏஒய்7 போட்டால் சுமார் 45. பெருக்கம் குறையக் குறைய அம்ப் தாமதித்துக் கிழியும், வொலியூம் நொப்பைத் திருப்ப இடம் கிடைக்கும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார் வாசிப்பவர் என்றால் 5751 ஒன்றை மாமாவிடம் அடுத்தமுறை வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள்) என்றால் இருப்பதை அப்படியே விடுங்கள், அந்தக் காசுக்கு மாற்று இஎல்84 ஜோடி ஒன்றை எடுத்து வையுங்கள். திருமலையில் சனிக்கிழமை இரவு அது போனால் கொழும்பில் இருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.